சருகு அள்ளக் கூடாது

கலியபெருமாளை நேர்மையான ஆள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. சொல்கிறவர் மேல் இல்லை, அந்த நேர்மையின் மேல். ஒரு கூறு மீனை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற ஆளாக அவன் இருந்திருந்தால் ஒரு பெண்பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். இதை நான் அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் ஆந்தனி. துறையில் ஜீப் ஓட்டுகிறேன். எந்தத் துறை என்று கேட்காதீர்கள், ரிட்டையர் ஆகும்வரை இன்னும் ஓட்டியாக வேண்டும். எங்கள் தெருவில் பாதி சொல்தா வீடுகள். அப்பனோ பாட்டனோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் இன்றைக்கும் அங்கிருந்து பென்ஷன் வருகிற வீடுகள். என் அப்பா பட்டாளத்துக்குப் போகவில்லை, பேக்கரியில் ரொட்டி சுட்டார். அதனால் நான் அதிகாரிகளுக்குக் கார்க் கதவு திறந்துவிடுகிறேன். அதிலும் ஒரு லாபம் உண்டு. நான் சொல்லப்போகிற சவுக்குத் தோப்பை நட்ட நாள், அதற்குப் பணம் வந்த நாள், அது எரிந்த நாள், மறுபடி அதற்குப் பணம் வந்த நாள் எல்லாவற்றிலும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் ஒரு சின்னக் குப்பம். குப்பத்துக்கு வடக்கே, தார் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் பாங்கான பூமி. அதில் ஒரு துண்டு கலியபெருமாளுடையது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவான், கிணற்றில் தண்ணீர் இருந்தால் மிளகாய் நடுவான். பெரிய விவசாயி இல்லை. ஆனால் தன் நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் டீ ஆறிப்போகும். அவன் பெண்டாட்டி லட்சுமி, "என்னைக் கட்டினது எந்த வருசம்னு கேட்டா தெரியாது, எந்த வருசம் எத்தினி மூட்டன்னு கேளுங்க, சொல்லுவாரு" என்பாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் டவுனில் சண்டே மார்க்கெட்டில் செருப்பு பேரம் பேசிக்கொண்டிருந்தான். அதனால் பிழைத்தான். நிலம் பிழைக்கவில்லை. உப்புத் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. வடிந்த பிறகு பூமி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அடுத்த மழைக்கு ஆசையாக விதைத்துப் பார்த்தான். முளைத்தது எல்லாம் மஞ்சளாகி, சாண் உயரத்தில் கருகிப்போனது.

பிறகு டெல்லியிலிருந்து பணம் வந்தது. நாங்கள் யூனியன் பிரதேசம், எங்களுக்கு எதுவாக இருந்தாலும் டெல்லியிலிருந்துதான் வர வேண்டும். கரையோரம் முழுக்கச் சவுக்கு நடுவது, அது காற்றையும் அலையையும் தாங்கும், அதன் சருகு விழுந்து மக்கி உப்பு இறங்கி மண் மீளும் என்பது திட்டம். பட்டா நிலக்காரர்கள் நிலத்தைத் துறையிடம் விட்டுவைக்க வேண்டும். மண் தேறியதும் திருப்பித் தருவார்கள். அதுவரை விருப்பப்பட்டவர்களுக்கு அங்கேயே வவுச்சர் வேலை. வவுச்சர் ஊழியர் என்றால் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம், வேலைக்கு உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

மற்ற நிலக்காரர்கள் கொஞ்ச நாளில் கெஸ்ட் ஹவுஸ் கட்டுகிறவர்களிடம் பேச்சுவார்த்தைக்குப் போய்விட்டார்கள். கலியபெருமாள் மட்டும் நின்றான். அவனிடம் எங்கள் அதிகாரி அரிகிருஷ்ணன், என் ஜீப் பானெட்டில் சாய்ந்துகொண்டு, "மரத்தைப் பார்த்துக்கய்யா. சருகு மக்கினாத்தான் மண்ணு. மண்ணு தேறுனதும் உன் நிலம் உனக்கு" என்றார். அதிகாரி பத்து இடத்தில் பத்து வார்த்தை சொல்வார், ஜீப் ஏறியதும் மறந்துவிடுவார். இவன் அதை அம்மன் வாக்காக எடுத்துக்கொண்டான்.

கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தான். ஆடு வந்தால் கல் எடுத்தான். மரம் என் தலையைத் தாண்டி, ஜீப்பைத் தாண்டி, மூன்றாம் வருடம் ரோட்டு விளக்குக் கம்பத்தின் உயரத்தைத் தொட்டது. தோப்பை இரண்டாகப் பிரித்து வடபாதிக்கு இவனையும் தென்பாதிக்கு வடிவேல் என்பவனையும் காவல் போட்டார்கள். இவன் நிலம் வடபாதியில் கடலோரமாக இருந்தது. ஆக, சர்க்கார் சம்பளத்தில் தன் நிலத்தையே காவல் காத்தான்.

நான் போகும்போதெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போவான். "வந்து பாரேன் ஆந்தனி." காலால் சருகை ஒதுக்குவான். கீழே மணலுக்கு மேல் கறுப்பாக ஒரு படலம். முதலில் சப்பாத்தி கனம் இருந்தது, பிறகு ஒரு விரல் கனம். அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பான்.

"உப்பு கொறஞ்சிருக்கு."

"உன் நாக்கைக் கழட்டி லேபுக்கு அனுப்பலாம்டா. துறைக்குச் செலவு மிச்சம்."

சிரிப்பான். கெட்ட மனுஷனாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

தோப்பு என்று ஒன்று வந்தால் சருகு அரிக்கப் பெண்கள் வருவார்கள். எங்கள் கரையோரத்தில் இது அந்தக் காலத்திலிருந்து நடப்பதுதான். இரும்புப் பல் வைத்த வாரியால் அரித்து, கயிற்றில் கட்டி, தலையில் வைத்துப் போவார்கள். அடுப்புக்கு அதுதான். குப்பத்தில் சுனாமி வீடு கட்டிக் கொடுத்தபோது கேஸ் அடுப்பும் கொடுத்தார்கள். அடுப்பு இலவசம், சிலிண்டர் அவரவர் பாடு. முதல் சிலிண்டர் தீர்ந்ததும் பாதி வீடுகளில் அடுப்பு பரணுக்குப் போய்விட்டது.

வடிவேல் காவல் காத்த தென்பாதியில் பிரச்சினையே இல்லை. அவனுக்கு மதியம் மீன் குழம்பு வரும், சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பான். அவன் தூங்கும்போது பெண்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். தென்பாதித் தரை பெருக்கிவிட்ட வாசல் போல இருக்கும். எங்கள் அதிகாரி அதைப் பார்த்து, "என்னய்யா இது, மண் எங்கேர்ந்து வரும்?" என்று வடிவேலைத் திட்டுவார். வடபாதியைப் பார்த்தால் அவர் முகம் மலரும். கணுக்கால் புதையச் சருகு. வாசலில் துறை வைத்த போர்டு: "மண் மீட்புப் பகுதி. சருகு அள்ளக் கூடாது." எங்கள் யூனியன் பிரதேசத்தின் பெயரை மாற்றிய அந்தச் சமயத்தில் எல்லா ஆபீஸ் போர்டும் திரும்ப எழுதப்பட்டது, போர்டு எழுதுகிறவன் வீடு கட்டிவிட்டான் என்பது வேறு கதை.

அந்தப் போர்டோடு தினமும் சண்டை போட்டவள் அமிர்தவல்லி. குப்பத்துப் பெண். புருஷனைச் சுனாமி கொண்டுபோனது. கூடையில் மீன் வைத்துத் தெருத் தெருவாக விற்பாள். மீன்பிடித் தடைக்காலத்தில் டவுனில் மர்த் அம்மாள் என்கிற சொல்தா வீட்டம்மாவிடம் பாத்திரம் தேய்ப்பாள். ஒரே பெண் பூர்ணிமா லாஸ்பேட்டையில் காலேஜ் படித்தாள். தென்பாதியில் நாலு வீட்டுப் பெண்கள் முந்திக்கொண்டு வழித்துவிடுவார்கள். இவள் மீன் விற்றுத் திரும்பும்போது அங்கே துரும்பு இருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் கலியபெருமாளின் பாதியில் குவிந்து கிடக்கும்.

ஒருநாள் நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவன் அவளுடைய வாரியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான்.

"இன்னாண்ணே, நான் மரத்தையா வெட்டுனேன்? அதுவா உழுந்ததத்தான அள்ளுறேன்."

"போர்டுல எழுதியிருக்கு பாரு தங்கச்சி."

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"அதான் நான் படிச்சிச் சொல்றேன். நீ அள்ளுறது சருகு இல்ல. என் மண்ணு."

"ஒன் மண்ண வச்சி நான் என்னா பண்ணப் போறேன்? ஒல வைக்கணும். பொண்ணு காலேஜ்லேர்ந்து வந்தா சோறு கேக்கும். ஒரே ஒரு கட்டுண்ணே. நாளக்கி வரமாட்டேன்."

"இன்னிக்கு ஒனக்கு உட்டா நாளக்கி குப்பமே வந்து நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான், "குடுத்துத் தொலைடா, ஒரு கட்டுல உன் நிலம் ஓடிப்போயிடாது" என்றேன். அவன் வாரியை மட்டும் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் அவள் வாழையிலையில் கொஞ்சம் சங்கரா மீன் சுற்றி அவன் சைக்கிள் கேரியரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவன் அதை அப்படியே எடுத்துப்போய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான். அதை அவன் பெருமையாக என்னிடம் சொன்னபோது, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்வாங்க, அந்தப் பூசாரி நீதான்" என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "மண்ணு ரெண்டு விரக்கட கனம் வந்துட்டுது ஆந்தனி, இன்னும் ஒரு வருசம்" என்றான்.

அந்த வருடக் கடைசியில் இரண்டாவது திட்டம் வந்தது. எங்கேயோ ஒரு கரையோரத் தோப்பு பற்றிக்கொண்டதாம். உடனே எல்லாத் தோப்புக்கும் தீத் தடுப்பு முன்னேற்பாடு என்று பணம் ஒதுக்கினார்கள். மார்ச்சுக்குள் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். மார்ச் மாதத்தில் ஆபீசில் நடக்கிற ஓட்டத்தைப் பார்த்தால் தீ ஏற்கெனவே பற்றிவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். சிவப்பு வாளிகள் வந்தன. வாளிகளில் போட மணல் வந்தது. கடற்கரைக்கு லாரியில் மணல் வந்தது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தேன். ஷாமியானா போட்டு, ஒரு பெரிய மனிதர் வந்து ஒரு வாளியைக் கையில் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

உருப்படியாகச் செய்தது வேலி ஒன்றுதான். பீர் பாட்டிலும் சிகரெட்டுமாகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து நுழைகிறவர்களால் தீப்பிடிக்கும் என்று சொல்லி, கடலோரம் நெடுக ஐந்து வரி முள்கம்பி கட்டினார்கள். கடல் பக்கம் வழி கிடையாது, வாசல் ரோட்டுப் பக்கம் மட்டும். கான்ட்ராக்டர் ஆள் தொளதொளவென்று கட்டிவிட்டுப் போய்விட்டான். கலியபெருமாள் தன் பாதிக் கம்பியை ஒவ்வொரு தூணிலும் முறுக்கி, விரலால் தட்டினால் ஒலி வருகிற மாதிரி இறுக்கிவைத்தான்.

திரும்பும்போது நான் அதிகாரியிடம் கேட்டேன். "சார், வாளி வேலியெல்லாம் சரி. கீழ இவ்ளோ சருகு காஞ்சி கெடக்கே?"

"அது மண் மீட்பு ஆந்தனி. வேற ஹெட், வேற கணக்கு. இது தீத் தடுப்பு. ஒண்ணுல கை வச்சி இன்னொண்ணுல செலவு எழுதுனா ஆடிட்ல மாட்டிக்குவோம்."

"தீக்கு ஹெட் தெரியுமா சார்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஓட்டினேன். டிரைவர் கேட்ட கேள்விக்கு எந்த ஆபீசிலும் பைல் போடமாட்டார்கள்.

அடுத்த மே மாதம். கத்திரி வெயில். மேற்கேயிருந்து அனல் காற்று அடித்தது, கடல் காற்று பிற்பகல் வரை தலைகாட்டவில்லை. தடைக்காலம் என்பதால் குப்பத்தில் பெரிய படகெல்லாம் கரையில். பகலில் ஆபீசுக்குப் போன் வந்தது. அதிகாரியை ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேரும்போது ரோட்டோரம் வடபாதி எரிந்துகொண்டிருந்தது. பீடியா, குப்பை கொளுத்தினார்களா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சவுக்குச் சருகு எண்ணெயில் முக்கியது போல எரியும். சடசடவென்று ஒரு சத்தம், அதோடு மரத்தின் உச்சிக்கே தாவுகிறது. காற்று அதைக் கடலைப் பார்த்துத் தள்ளியது, ஓரத்தில் தெற்கே குப்பத்தின் பக்கமும் படர்ந்தது. வடிவேல் பாதியைத் தாண்டினால் குப்பம். முன்வரிசையில் கீற்று வீடுகள்.

ஒரே ஒரு தீயணைப்பு வண்டிதான் வந்திருந்தது. கலியபெருமாள் வாசலில் பச்சைக் கிளையை ஒடித்து நெருப்பை அடித்துக்கொண்டிருந்தான். கண் சிவந்து, புருவம் பொசுங்கி, பார்க்கவே முடியவில்லை. வண்டியின் அதிகாரி அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?"

"ஈ காக்கா கெடயாதுங்க. நான் யாரையும் உள்ள உட்றதில்ல."

"நிச்சயமா?"

"எங்கப்பன் மேல ஆணையா இல்லிங்க. எல்லாரையும் கேட்டுப் பாருங்க, என்னை மீறி ஒருத்தரும் உள்ள போவ முடியாது."

அந்த நெருப்பிலும் அவன் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னான். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. நான் நம்பினேன். அவனைத் தெரிந்த யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். வண்டி அதிகாரி உடனே குழாயையும் ஆட்களையும் மொத்தமாகத் தெற்குப் பக்கம் திருப்பிவிட்டார். வடபாதி எரிகிறவரை எரியட்டும், குப்பத்தைக் காப்பாற்றுவோம் என்று முடிவானது. தவறான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது.

கலியபெருமாளும் தெற்கே ஓடினான். கிளை கருகக் கருக வேறு கிளை ஒடித்து அடித்தான். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. குப்பத்து ஆண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள், பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். நெருப்பு வடிவேல் பாதிக்குள் வந்தது. அங்கே எரிய ஒன்றும் இல்லை. வெறும் தரையில் கொஞ்ச தூரம் ஊர்ந்து, இரண்டு மூன்று மரத்தைக் கருக்கிவிட்டு, அங்கேயே படுத்துவிட்டது. மீன் குழம்புக்குத் தூங்கியவன் காவலில்தான் குப்பம் பிழைத்தது. ஒரு கீற்றுகூடக் கருகவில்லை.

எங்கள் அதிகாரி கலியபெருமாள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான். யாரோ கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "அண்ணன் மட்டும் இல்லன்னா இன்னிக்கி நம்ம வூடெல்லாம் சாம்பல்தான்" என்று ஒரு கிழவி அவன் தலையில் கைவைத்தாள். அவனைப் பார்த்து நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன். பிறகு கடல் காற்று இறங்கியது, புகை மேலே எழும்பி விலக ஆரம்பித்தது.

பூர்ணிமா அப்போதுதான் வந்தாள். தோளில் காலேஜ் பை. பஸ்ஸிலிருந்து இறங்கிப் புகையைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள்.

"எங்கம்மாவ யாராச்சும் பாத்தீங்களா?"

"டவுனுக்கு வேலைக்குப் போயிருப்பா பாப்பா. மர்த் அம்மா வூட்டுக்கு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"மர்த் அம்மா பிரான்சுக்குப் போயி ஒரு வாரம் ஆவுது. வீடு பூட்டிக் கெடக்கு."

அவள் ஓடிப்போய்த் தன் வீட்டுப் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்தாள். "வாரி இல்ல. கயிறும் இல்ல" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கலியபெருமாள் சோடா பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். தரை இன்னும் கனன்றுகொண்டிருந்தது, காலில் ரப்பர் செருப்பு. பிடியுங்கள் என்று வண்டிக்காரர்கள் கத்தினார்கள், நாலு பேர் பின்னாலேயே ஓடினோம். கடலோர வேலியில், அவனுடைய துண்டு நிலத்தின் மூலையில் அவள் கிடைத்தாள். வடிவேல் பாதியில் கடல் பக்கம் தொங்கின கம்பிக்கு அடியில் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே வடக்கே நடந்து வந்திருக்கிறாள். இவன் ரோட்டுப் பக்கம் நிற்கிற நேரம் பார்த்து வந்திருப்பாள். புகையில் வந்த வழி தெரியவில்லை. கடலைப் பார்த்து ஓடியிருக்கிறாள், கடல் கண்ணுக்கு எதிரில் தெரிகிறது. அங்கே ஐந்து வரிக் கம்பி, கை வைத்தால் அசையாத கம்பி. பக்கத்தில் அவள் கையோடு கொண்டு ஓடி வந்த வாரியின் இரும்புப் பல் மட்டும் கிடந்தது. இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

தீயணைப்பு வண்டியின் டிரைவர் இராமதாஸ் எனக்குப் பழக்கம். பிறகு ஒருநாள் டீக்கடையில் சொன்னான். "ஆள் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடற்கரைப் பக்கமாப் போயி கம்பியை வெட்டியிருப்போம்பா. கட்டர் வண்டியிலயே இருந்துச்சு. மணல்ல நின்னு வெட்டுற வேலை, ரெண்டு நிமிஷம்." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை நடந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. வடபாதியில் சருகு சேர விட்டது யார்? காவலர். போர்டு? அந்தப் போர்டு எரிந்துபோயிருந்தது. வவுச்சர் ஊழியரை வேலையிலிருந்து நீக்க உத்தரவு தேவையில்லை, அடுத்த மாதம் கையெழுத்துக்குக் கூப்பிடாமல் இருந்தால் போதும். கூப்பிடவில்லை. தன் பகுதியைச் சருகு இல்லாமல் வைத்திருந்ததற்காக வடிவேலுக்கு விழா வைத்துப் பாராட்டு. மேடைக்கு அவனைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. கீழே இறங்கி வந்து என் ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதான். "நான் தூங்கனதுக்குண்ணே குடுக்கறாங்க" என்றான். பாவம், அவனும் மனுஷன்தானே.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது போல, எரிந்த நிலத்தை மீட்க மூன்றாவதாக ஒரு திட்டம் வந்தது. தென்பாதி வாசலில் புது போர்டு: "தீத் தடுப்புப் பகுதி. சருகு சேர விடக் கூடாது." வடபாதியில் மறுபடி நடுவதற்குச் செலவு கட்டாது என்று அதை அந்தந்த நிலக்காரர்களிடமே திருப்பிக் கொடுக்க முடிவு செய்தார்கள். அதிகாரியை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அவர் காலால் சாம்பலைக் கிளறிப் பார்த்து, "சாம்பல் விழுந்தது நல்லதுதான்யா. மண்ணு தேறிடுச்சு. நீ கேட்ட மாதிரியே உன் நிலம் உனக்கு" என்றார். கலியபெருமாள் கும்பிட்டான். அவர் ஜீப்பில் ஏறியதும் நான் இறங்கிப் போய், முதலில் எழுதியிருக்கிறேனே, அந்த வார்த்தையைச் சொன்னேன். அவன் வேலி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அவன் அதில் விதைக்கவில்லை. முதல் மழை நன்றாகப் பெய்தது. நானே பார்த்தேன், அந்தத் துண்டில் புல் கரும்பச்சையாக எழுந்தது. உப்பு போய்விட்டது என்று சொல்ல நாக்கு தேவையில்லை. லட்சுமி என்னிடம் அழுதாள். "மல்லாட்ட வெதையக் கடன ஒடன வாங்கி வச்சேண்ணே. மூட்டையிலயே பூசணம் புடிச்சிப் போச்சி. நெலத்துப் பக்கமே போவ மாட்றாரு. விடியறதுக்குள்ள வாரியத் தூக்கிக்கினு வேற எங்கியோ போறாரு."

எங்கே போகிறான் என்று கொஞ்ச நாளில் நானே பார்த்தேன். அவளுடைய வாரியின் இரும்புப் பல்லுக்குப் புதுக் காம்பு போட்டிருந்தான். தென்பாதியில் இப்போது யார் வேண்டுமானாலும் அள்ளலாம், போர்டே அதைத்தான் சொல்கிறது. அங்கே அரித்து, கட்டுக் கட்டி, தலையில் வைத்துக் குப்பத்துக்குள் போய், பூர்ணிமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறான். அவன் தலையில் சருகுக் கட்டைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பூர்ணிமா காலேஜை விட்டுவிட்டு டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கேஸ் வைத்திருக்கிறாள். முதல் சில நாள் கட்டுகளைத் தொடாமல் விட்டிருக்கிறாள். அவை சுவரோரம் ஜன்னல் உயரத்துக்கு ஏறிவிட்டன. நான் போன காலையில் அவள் தெருக்குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அன்று வந்த கட்டின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே நனைந்தால் போதாது, உள்ளே காய்ந்திருந்தால் தீப்பிடிக்கும் என்று கட்டைப் புரட்டி அடிப்பக்கமும் ஊற்றினாள். பிறகு இழுத்துக்கொண்டு போய்க் கடலில் தள்ள வேண்டும். வேலைக்குப் போகுமுன் தினமும் இதுதான் அவளுக்கு.

"வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடேம்மா" என்றேன்.

"சொன்னேன் மாமா. தலைய ஆட்டுறாரு. மறுநாளு கொண்டாந்து வக்கிறாரு." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அவன் வாரியை ஊன்றிக்கொண்டு அங்கேதான் நின்றான், அவள் பேசுவது கேட்கிற தூரத்தில். "எங்கம்மா ஒரே ஒரு கட்டுதான் கேட்டுச்சி. அன்னிக்கிக் குடுத்திருக்கலாம் இல்ல?"

அவள் அடுத்த குடத்துக்குக் குழாயடிக்குப் போனாள். கட்டு முழுக்க நனைந்து தண்ணீர் வாசலில் ஓடுகிறவரை அவன் நின்று பார்த்தான். பிறகு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுநாள் கட்டுக்குச் சருகு அரிக்கத் தோப்பைப் பார்த்து நடந்தான்.